கைப்பிடி இல்லாத முகடு

ஸ்ட்ரைடிங் எட்ஜில் கைப்பிடிக் கம்பி கிடையாது. சங்கிலி கிடையாது, இரும்பு ஏணி கிடையாது, ‘இதற்கு மேல் போகாதீர்’ என்று ஒரு பலகைகூடக் கிடையாது. இங்கிலாந்தின் வடமேற்கே ஏரி மாவட்டத்தில், ஹெல்வெல்லின் மலையிலிருந்து கிழக்கு நோக்கி நீண்டு கிடக்கும் பாறை முகடு அது. நீளம் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர். அகலம் சில இடங்களில் இரண்டு பாதங்களைச் சேர்த்து வைக்கும் அளவுதான். உச்சியைப் பார்த்து நடந்தால் இடப்பக்கம் நெதர்மோஸ்ட் கோவ் என்ற பள்ளம், வலப்பக்கம் ரெட் டார்ன் என்ற கரிய நீர்நிலை, நடுவில் நாம். வருடம் முழுக்க இதன்மேல் ஆள் நடமாட்டம் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள், எழுபதைத் தாண்டியவர்கள் வருகிறார்கள், நாயைக் கூட்டிக்கொண்டும் வருகிறார்கள். விழுந்து இறந்தவர்களும் இருக்கிறார்கள். அப்படியும் முகட்டில் ஒரு கம்பி நட இந்த ஊர்க்காரர்களுக்கு மனம் வரவில்லை.

கம்பிக்குப் பதிலாக அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் அன்று காலை முதல் மாலை வரை பார்த்துக்கொண்டு நடந்தேன்.

நான் கோயம்புத்தூரில் வளர்ந்தவள். மாசி பிறந்துவிட்டால் அண்ணன்மாரும் மாமாக்களும் மூங்கில் தடி ஊன்றி வெள்ளியங்கிரியின் ஏழு மலையும் ஏறிவிட்டு வருவார்கள். பத்து வயதுக்கு மேல் ஐம்பது வயதுக்குள் இருக்கும் பெண்கள் ஏறுவதில்லை என்பது அங்கே வழக்கம். எங்களுக்குப் பூண்டி அடிவாரத்தோடு சரி. இறங்கி வந்தவர்கள் வழியில் அடித்த காற்றையும் ஏழாவது மலையில் பொழுது விடிந்த விதத்தையும் சொல்லச் சொல்ல, வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன். மலை என்றால் எனக்கு முதலில் கேள்வி ஞானம்தான். அதனால்தானோ என்னவோ, நியூகாசிலில் வேலை பார்க்கும் அக்கா மகள், “சித்தி, முழங்கால் வலி ஒண்ணும் இல்லையே? சனிக்கிழமை ஹெல்வெல்லின் போலாமா?” என்று கேட்டதும், வேறெதுவும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன். யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. வாசல் இல்லை, வாசலில் வயது கேட்பவரும் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2000-ஆம் ஆண்டில் வந்த ஒரு சட்டம், மலைகளிலும் திறந்த மேட்டுவெளிகளிலும் பதிவுபெற்ற பொதுநிலங்களிலும் நடந்து போகும் உரிமையை எல்லாருக்கும் கொடுத்திருக்கிறது.

உயரத்தைச் சொன்னால் நம்மூர்க்காரர்களுக்குப் பெரிதாகத் தோன்றாது. ஹெல்வெல்லின் 950 மீட்டர். இங்கிலாந்தின் மூன்றாவது உயரமான மலை. ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் போகிறவர் இதைவிட ஐநூறு மீட்டருக்கு மேல் கூடுதலாக ஏறிவிடுகிறார். ஆனால் இந்த அட்சரேகையில், அட்லாண்டிக் காற்று நேராக வந்து மோதும் இடத்தில், 950 மீட்டர் என்பது வேறு கணக்கு. மரம் எப்போதோ கீழேயே நின்றுவிடும். குளிர்காலத்தில் உச்சி பனி மூடிக் கிடக்கும். அடிவாரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மேலே கை விறைக்கும்.

முந்தின நாள் இரவு அக்கா மகள் செய்த முதல் வேலை வானிலை பார்த்தது. ஊருக்கான வானிலை அல்ல, மலைக்கானது. ஏரி மாவட்டத் தேசியப் பூங்கா நிர்வாகம் ‘வெதர்லைன்’ என்று ஒரு சேவை நடத்துகிறது. உச்சியில் காற்று எத்தனை மைல் வேகம், மேகம் எந்த உயரத்தில் நிற்கும், காற்றும் சேர்ந்தால் குளிர் எந்த அளவுக்கு உறைக்கும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. டிசம்பர் முதல் வசந்தம் பிறக்கும்வரை இதோடு இன்னொன்றும் சேர்கிறது. அந்த மாதங்களில் தினமும் ஒருவர் ஹெல்வெல்லின் உச்சிக்கு ஏறிப் போகிறார். இதற்கென்றே சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டவர்கள் முறை வைத்துக்கொண்டு போகிறார்கள். பனி எத்தனை ஆழம் விழுந்திருக்கிறது, கால் புதைகிறதா, இறுகி உறைந்திருக்கிறதா, மலை விளிம்புக்கு வெளியே பனி திண்ணை கட்டி நீட்டிக்கொண்டிருக்கிறதா, ஐஸ் கோடாலியும் பூட்ஸில் மாட்டும் இரும்பு முள்ளும் இல்லாமல் ஏறலாமா என்று பார்த்து, வெப்பத்தையும் காற்றையும் அளந்து, படம் எடுத்து, அன்றைக்கே எல்லாரும் படிக்கும்படி வெளியிடுகிறார்கள். மறுநாள் யார் வரப்போகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. வருகிறவரும் அவர்கள் பெயரை அறிய மாட்டார். ஒரு மலைக்கும் அதில் ஏறுகிறவர்களுக்கும் இதைவிட நல்ல மரியாதை செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நாங்கள் போனது ஜூன் மாதம். காற்று மணிக்கு 15 மைல், மேகம் உச்சிக்கு மேலே என்று போட்டிருந்தது.

“இதே நாப்பதுன்னு போட்டிருந்தா?”

“எட்ஜ் பக்கமே போகமாட்டோம் சித்தி. வேற வழியா ஏறலாம். இல்லன்னா ஏரிக்கரையில நடந்துட்டு வந்துரலாம்.”

ஏரிக்கரையும் சும்மா சொல்லக்கூடாது. உல்ஸ்வாட்டர் இங்கிலாந்தின் இரண்டாவது பெரிய ஏரி, மூன்று வளைவாக மலைகளுக்கு நடுவே வளைந்து கிடக்கிறது. 1802 ஏப்ரலில் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தும் அவர் தங்கை டோரதியும் காற்றில் ஆடும் டாஃபடில் பூக்களைக் கண்டது இதன் கரையில்தான். தென்முனையில் இருக்கும் கிளென்ரிடிங் என்ற சிற்றூர்தான் எங்கள் தொடக்கம். எட்டரை மணிக்கே கார் நிறுத்துமிடம் நிரம்பிக்கொண்டிருந்தது. பூட்ஸ் நாடா கட்டுகிறவர்கள், ஃபிளாஸ்கில் டீ நிரப்புகிறவர்கள், வரைபடத்தைக் காரின் முன்மூடிமேல் விரித்துப் பிள்ளைகளுக்கு வழி காட்டும் ஓர் அப்பா. கைபேசியில் எல்லா வரைபடமும் வந்துவிட்ட பிறகும் காகித வரைபடத்தை ஒரு நெகிழி உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். அக்கா மகளும் மாட்டியிருந்தாள். குளிரில் பேட்டரி இறங்கிவிடும், காகிதம் இறங்காது என்றாள்.

மயர்ஸ் பெக் என்ற ஓடையை ஒட்டி ஏற்றம் தொடங்குகிறது. ஏரி மட்டத்திலிருந்து உச்சிக்கு 800 மீட்டர் ஏற வேண்டும். அதில் பெரும்பகுதி இந்த முதல் இரண்டு மணி நேரத்திலேயே வந்துவிடுகிறது. மூச்சு வாங்கும்போது நின்றேன். நிற்கும்போதெல்லாம் காலடியைப் பார்த்தேன். பாதை மண்ணாக இல்லை, கல் பாவியிருந்தது. நகரத்துப் படிக்கட்டுபோலச் சமமாக வெட்டிய கல் அல்ல. மலையின் கல்லையே எடுத்து, ஒன்றோடொன்று கவ்வும்படி ஆழப் புதைத்து, மேல்முகம் மட்டும் தெரியும்படி வைத்திருந்தார்கள்.

இத்தனை பேர் நடக்கும் மலைக்கு இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அக்கா மகள் எதிர்ச்சரிவைக் காட்டிச் சொன்னாள். முதலில் புல் போகும். புல் போன தடத்தில் மழைத் தண்ணீர் இறங்கும். தடம் ஓடையாகிவிடும். ஓடையில் கால் வைக்கப் பிடிக்காமல் ஆட்கள் ஓரமாக நடப்பார்கள், அங்கேயும் புல் போகும். இப்படியே பல மீட்டர் அகலத்துக்கு மலைமேல் புண் விரிந்துவிடும். மேலிருந்து அரித்த மண் கடைசியில் ஏரிக்குப் போய்ச் சேரும். ‘ஃபிக்ஸ் த ஃபெல்ஸ்’ என்ற திட்டத்தில் பாதைத் தொழிலாளர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து இதைத்தான் சரிசெய்கிறார்கள். கற்களை மூட்டை மூட்டையாக ஹெலிகாப்டர் கொண்டுவந்து இறக்கும். அதற்குப் பிறகு எல்லாம் கடப்பாறையும் கையும்தான். ஒரு மீட்டர் பாதை போடுவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். வேலை முடிந்த பிறகும், குறுக்கு வடிகால்களில் மழை கொண்டுவந்து அடைத்த சரளையை அள்ளிப்போட யாராவது மண்வெட்டியோடு ஏறி வந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஓடையைக் கடந்ததும் ஆடுகள். உடல் சாம்பல் நிறம், முகம் மட்டும் வெளுப்பு. கூடவே கறுப்புக் குட்டிகள். ஹெர்ட்விக் என்ற இந்த மலையினத்தில் குட்டி கறுப்பாகப் பிறந்து வயது ஏற ஏற வெளுக்கும். இவற்றைப் பற்றி நான் நெடுநேரம் பேசுவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். உயர மேய்ச்சலில் பெரும்பாலும் வேலி கிடையாது. ஆனாலும் ஒரு மந்தை பக்கத்து மந்தையின் இடத்துக்குப் போய்க் கலந்துவிடுவதில்லை. தாய் ஆடு மேய்ந்த சரிவிலேயே குட்டியும் மேய்ந்து எல்லையைக் கற்றுக்கொள்கிறது, அது தன் குட்டிக்குக் கற்றுக்கொடுக்கிறது. பண்ணை கைமாறினாலும் ஆடுகள் மலையோடேயே புது உரிமையாளருக்குப் போகும். 2001-இல் கோமாரி நோய் இந்தப் பகுதியில் பரவியதால் ஆடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்று புதைத்தபோது, இங்கே பயந்தது ஆட்டின் விலையை மட்டும் எண்ணி அல்ல. எல்லை தெரிந்த மந்தை அழிந்துவிட்டால், அந்த அறிவைப் புதிதாக வாங்கிவிட முடியாது. பீட்டர் ராபிட் கதைகளை எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டர் இந்த ஆட்டினத்தை வளர்ப்பதில் பெயர் எடுத்தவர். 1943-இல் இறந்தபோது பதினான்கு பண்ணைகளை நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்புக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். உயர மேய்ச்சலில் ஹெர்ட்விக்தான் இருக்க வேண்டும் என்பதும் அவர் விருப்பம்.

பர்க்ஹவுஸ் மூர் என்ற மேட்டில் ஏறி, சாந்து பூசாமல் அடுக்கிய கல்மதிலை ஒட்டியே நடந்தால், ‘ஹோல் இன் த வால்’ வருகிறது. அங்கே மதிலைத் தாண்டியவுடன் மலை தன்னை மொத்தமாகக் காட்டிவிடுகிறது. நேரெதிரே ஹெல்வெல்லினின் கிழக்கு முகம் செங்குத்தாக. அதன் மடியில் ரெட் டார்ன். வலது கோடியில் கேட்ஸ்டை காம் என்ற கூம்பு. அதை உச்சியோடு இணைக்கும் ஸ்விரல் எட்ஜ். இடது பக்கம், நாம் நிற்கும் இடத்திலிருந்தே கிளம்பும் ஸ்ட்ரைடிங் எட்ஜ். முகட்டின்மேல் வண்ண வண்ணப் புள்ளிகள் நகர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு மழைச்சட்டை.

இந்தப் பாறை சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைகள் கக்கியது. இப்போதைய உருவம் கொடுத்தது பனியுகம். மலையின் நிழல்பக்கக் குடைவுகளில் பனி சேர்ந்து, இறுகி, தன் பாரத்தாலேயே நகர்ந்து பாறையைக் குடைந்தது. ரெட் டார்ன் பக்கம் ஒரு பனியாறு, நெதர்மோஸ்ட் கோவ் பக்கம் ஒரு பனியாறு. ஒரு வரப்பை இரண்டு வயல்காரர்களும் ஆளுக்கொரு பக்கமாகக் கொத்திக்கொண்டே வந்தால் நடுவில் என்ன மிஞ்சுமோ, அதுதான் ஸ்ட்ரைடிங் எட்ஜ். பனி உருகிப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. வரப்பு நிற்கிறது.

“சித்தி, மூணு எப்பவும் ஒட்டியிருக்கணும். ரெண்டு காலும் ஒரு கையும், இல்ல ரெண்டு கையும் ஒரு காலும். ஒண்ணை எடுக்கும்போது மத்த மூணும் அசையக் கூடாது. அவசரமே இல்ல.”

“சரி கண்ணு. நீ முன்னால போ.”

முகட்டின் முதுகிலேயே நடக்கலாம், அல்லது வலப்புறம் சற்றுத் தாழ்வாக ஓடும் ஒற்றையடிப் பாதையில் போகலாம். இரண்டும் பிரிந்து பிரிந்து சேர்கின்றன. நாங்கள் பெரும்பாலும் முதுகிலேயே போனோம். பாறை காய்ந்திருந்தது, கைக்குச் சொரசொரப்பாக இருந்தது. எத்தனையோ பூட்ஸ் ஏறி இறங்கிய இடங்கள் மட்டும் வழவழத்து மின்னின. மழை நாளில் வழுக்குவது அந்த இடங்கள்தான் என்று தொட்ட உடனே புரிந்தது. முகட்டின் உயரமான இடமாகிய ஹை ஸ்பையிங் ஹவ் 863 மீட்டர். அதைத் தாண்டிச் சிறிது தூரத்தில், இடப்புறச் சரிவைப் பார்த்தபடி ஓர் இரும்பு நினைவுச்சின்னம். 1858 நவம்பர் 27 அன்று பக்கத்து ஊரான பேட்டர்டேலின் வேட்டைநாய்களோடு நரி வேட்டைக்கு வந்து இங்கே விழுந்து இறந்த ராபர்ட் டிக்சனுக்காக வைத்தது. எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் ஒரு கணம் நின்று அதைப் படித்தார்கள். படித்துவிட்டு எல்லாரும் கையை இன்னும் கொஞ்சம் அழுத்தமாகப் பாறையில் வைத்தார்கள். எந்த எச்சரிக்கைப் பலகைக்கும் இந்த வலு கிடையாது.

பயம் இல்லையா என்றால், இருந்தது. கால் நடுங்கும் பயம் அல்ல. கண்ணையும் காதையும் கூர்மையாக்கும் பயம். அடுத்த கால் எங்கே, கை எங்கே என்பதைத் தவிர மனசில் வேறொன்றும் இல்லை. வீட்டுக் கவலை, வேலைக் கவலை, நாளைய பயணம் எதுவும் அந்த அகலத்தில் நம்மோடு நடக்க முடியாது. நடுவில் ஒருமுறை நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். அண்ணன்மார் சொல்லக் கேட்ட காற்று இப்போது என் காதில் அடித்துக்கொண்டிருந்தது.

முகட்டின் கடைசியில் ‘சிம்னி’ என்று எல்லாரும் சொல்லும் இடம். முகடு திடீரென்று அறுந்து, இரண்டு பாறைகளுக்கு இடையில் மூன்று மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான இறக்கம். மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, பின்புறமாக இறங்க வேண்டும். கீழே பார்த்தாலும் தன் கால் வைக்கும் இடம் தனக்குத் தெரியாது. அங்கேதான் வரிசை நின்றது. பதினைந்து இருபது பேர் இருப்பார்கள். ஒருவரும் முண்டவில்லை. நான் இத்தனை நேரம் தேடிக்கொண்டிருந்ததை அந்த வரிசையில்தான் கண்டேன்.

முதலில் இறங்கியவர் உடனே நகர்ந்து போகவில்லை. கீழேயே நின்று, அடுத்தவரின் கால்களைப் பார்த்துச் சொன்னார். இடது காலை இன்னும் ஒரு சாண் கீழே விடுங்கள். அங்கே ஒரு படி இருக்கிறது. இப்போது வலது கையை விடலாம். பாரத்தைக் காலில் போடுங்கள். அவர் இறங்கியதும் இவர் போய்விட்டார், அவர் நின்றுகொண்டார். இப்படியே ஒருவர் அடுத்தவருக்கு. யாரும் ஏற்பாடு செய்யவில்லை, யாரும் யாரையும் நிற்கச் சொல்லவில்லை. எனக்குச் சொன்னவர் நரைத்த தலைமுடியுள்ள ஓர் அம்மா. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். என் பெயர் கேட்கவில்லை, எந்த ஊர் என்று கேட்கவில்லை. என் வலது பூட்ஸின் நுனி பாறை இடுக்கில் உட்காரும்வரை அவர் கண் அதை விட்டு அகலவில்லை. “அருமையாகச் செய்தீர்கள்” என்று தோளில் தட்டிவிட்டு ஏறிப் போனார். எனக்குப் பின்னால் பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையன். மேலே அவனுடைய அம்மா கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்றேன். இடது கால், இன்னும் கொஞ்சம், அங்கேதான், நல்லது என்று எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் இறங்கியதும் தன் அம்மாவுக்குச் சொல்லத் திரும்பி நின்றான்.

ஒரு கம்பி நட்டிருந்தால் இந்தப் பேச்சு இருந்திருக்காது. எல்லா இடத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. மாசி மாதக் கூட்டத்தில், இருட்டில், செருப்பில்லாமல் ஏறும் வெள்ளியங்கிரிக்கு அதற்கான ஏற்பாடு வேண்டும். ஆனால் இந்த முகட்டுக்கு இது சரி என்று அந்த வரிசையில் நின்றபோது எனக்கு உறுதியாகத் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

சிம்னிக்குப் பிறகு உச்சிச் சமவெளிக்கு ஏறும் கடைசிச் சரிவு. பார்க்க எளிது, நடக்க மோசம். பாறை உதிர்ந்து சரளையாகக் கிடக்கிறது. மேலே போகிறவர் தட்டிய கல் கீழே வருகிறவர் தலையில் விழக்கூடும். ‘கீழே!’ என்ற சத்தம் கேட்டால் மேலே நிமிர்ந்து பார்க்காமல் பாறையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது இங்கே பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது.

ஏறி முடித்த இடத்திலேயே, பள்ளத்தின் விளிம்பில், ஒரு நினைவுக்கல். சார்லஸ் கௌ என்ற இளம் ஓவியர் 1805 ஏப்ரலில் தன் நாயோடு பேட்டர்டேலிலிருந்து கிராஸ்மியருக்கு இந்த மலைவழியே கிளம்பினார். போய்ச் சேரவில்லை. ஜூலை மாதக் கடைசியில் ரெட் டார்ன் பக்கம் நாய் குரைப்பதைக் கேட்டு ஒரு மேய்ப்பர் போய்ப் பார்த்தார். எலும்புகளாகிவிட்ட எசமானரின் பக்கத்தில் ஃபாக்ஸி என்ற அந்த நாய் உயிரோடு இருந்தது. இடையில் குட்டி போட்டிருந்தது, குட்டி பிழைக்கவில்லை. வேர்ட்ஸ்வொர்த்தும் வால்டர் ஸ்காட்டும் ஆளுக்கொரு கவிதை எழுதினார்கள். அதே வருடம் இருவரும் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியோடு சேர்ந்து இந்த மலையில் ஏறினார்கள். பிறகு லாண்ட்சீர் 1829-இல் ஓவியமாக வரைந்தார். நாய் எசமானரின் உடலைத் தின்றுதான் பிழைத்தது என்று அக்காலத்துச் செய்தித்தாள் ஒன்று எழுதியதும் உண்டு. கவிஞர்கள் அந்தப் பேச்சை ஏற்கவில்லை. நேஷனல் டிரஸ்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரான்ஸ்லி பாதிரியாரும், பிராணிகளுக்காகப் போராடிய பிரான்சஸ் பவர் காப்பும் 1890-இல் இந்தக் கல்லை எழுப்பினார்கள்.

நம் மலைகளின் உச்சியில் சாமி இருக்கும். இங்கே ஒரு நாயின் நினைவு இருக்கிறது. நான் பூட்ஸைக் கழற்றவில்லை என்றாலும் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மூன்று மாதம், வசந்தத்தின் குளிரிலும் மழையிலும், குட்டியை ஈன்று பறிகொடுத்துவிட்டு, போகத் தெரிந்த வழியில் போகாமல் அது அங்கேயே இருந்தது. அது எதைத் தின்று பிழைத்தது என்பதை நான் கேட்கமாட்டேன். இன்றைக்கு ஏரி மாவட்டத்தில் மலை மீட்புக்கென்றே பழக்கிய தேடுநாய்கள் இருக்கின்றன. காற்றில் வரும் மனித வாசனையைப் பிடித்து, ஆளைக் கண்டுபிடித்து, வளர்த்தவரிடம் ஓடிவந்து குரைத்து, மறுபடி அழைத்துப் போகும். அதைக் கேட்டபோது ஃபாக்ஸியின் நினைவு வராமல் இருக்குமா?

உச்சி ஓர் அகலமான சமவெளி. கிழக்கே இத்தனை பயங்கரமான மலை, மேற்கே மெதுவாகப் புல்வெளியாக இறங்குகிறது. எந்தப் பக்கம் காற்று வந்தாலும் ஒரு மூலையில் ஒதுங்கலாம் என்பதற்காகச் சிலுவை வடிவில் கல்சுவர் கட்டியிருக்கிறார்கள். அதன் ஒரு மூலையில் எங்களுக்கும் இடம் கிடைத்தது. எலுமிச்சைச் சாதத்தையும் உருளைக்கிழங்கு வறுவலையும் பிரித்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த குடும்பம் கெண்டல் மின்ட் கேக்கில் ஒரு துண்டு உடைத்துக் கொடுத்தது. பெயர்தான் கேக், சர்க்கரையும் புதினா எண்ணெயும் சேர்ந்த வெள்ளைப் பாளம். பக்கத்து ஊரான கெண்டலில் செய்வது. 1953-இல் எவரெஸ்ட் ஏறிய குழுவும் எடுத்துப் போனது. நாக்கில் வைத்ததும் மூச்சு நெஞ்சுவரை குளிர்ந்தது.

மேற்கே கீழே தெர்ல்மியர். 1894 முதல் மான்செஸ்டருக்குக் குடிநீர் போகும் நீர்த்தேக்கம். அதற்கு அப்பால் ஸ்கஃபெல் மலைகள், மங்கலாகக் கடல். சமவெளி எவ்வளவு சமம் என்பதற்கு அங்கேயே சாட்சி இருக்கிறது. 1926 டிசம்பர் 22 அன்று ஜான் லீமிங், பெர்ட் ஹிங்க்லர் என்ற இருவர் ஓர் ஆவ்ரோ விமானத்தை இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். பிரிட்டனில் மலைமேல் விமானம் இறங்கியது அதுவே முதல் முறை. யாரும் நம்பமாட்டார்களே என்று, அப்போது உச்சியில் இருந்த ஒருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பப் பறந்தார்கள். அந்த ஒருவர் கிரேக்க இலக்கியப் பேராசிரியர் இ. ஆர். டாட்ஸ். டிசம்பர் மாதக் குளிரில் ஒரு பேராசிரியர் இந்த உச்சியில் நின்றுகொண்டிருந்தார் என்பது விமானம் இறங்கியதைவிட எனக்குப் பிடித்த செய்தி. 1800 ஆகஸ்ட் கடைசியில் கவிஞர் கோல்ரிட்ஜ் கெஸ்விக்கிலிருந்து இந்த மலைமேல் நடந்து இரவு பதினோரு மணிக்கு நிலா வெளிச்சத்தில் வேர்ட்ஸ்வொர்த் வீட்டில் போய் நின்றார். அன்று முதல் இந்த மலை நடக்கிறவர்களால் பெயர் பெற்ற மலை. ஆல்பிரட் வெயின்ரைட் கையாலேயே எழுதி, கையாலேயே படம் வரைந்த ஏழு வழிகாட்டி நூல்களில் முதலாவது, 1955-இல் வந்தது, இந்தக் கிழக்கு மலைகளைப் பற்றியது. அதன் பழைய பிரதி ஒன்று அந்தக் கல்சுவரின் மூலையில் ஒரு பெரியவர் மடியில் விரிந்து கிடந்தது.

இறங்கியது ஸ்விரல் எட்ஜ் வழியாக. தொடக்கத்தில் கையும் வைத்து இறங்க வேண்டிய பாறை, பிறகு நல்ல பாதை. ஸ்ட்ரைடிங் எட்ஜைப்போல மனசைப் பிடிக்கவில்லை. முழங்காலைத்தான் பிடித்தது. ரெட் டார்ன் கரையில் பூட்ஸைக் கழற்றிக் காலை நனைத்தோம். ஜூனிலும் அந்தத் தண்ணீர் ஊசியாகக் குத்தியது. 25 மீட்டர் ஆழம். அதில் ஸ்கெல்லி என்ற மீன் இருக்கிறது. இந்த மாவட்டத்தின் நான்கே நீர்நிலைகளில் வாழும் அரிய மீன், ரெட் டார்ன் அவற்றில் மிகச் சிறியது. இவ்வளவு அழகான இடம் ஒருகாலத்தில் தொழிற்சாலையின் தண்ணீர்த் தொட்டியாக இருந்தது. கீழே கிரீன்சைடு ஈயச் சுரங்கத்துக்காக இங்கே அணை கட்டி மட்டத்தை உயர்த்தியிருந்தார்கள். பக்கத்தில் கெப்பல் கோவ் என்ற பள்ளத்தில் இருந்த சுரங்கத்தின் இன்னோர் அணை 1927-இல் உடைந்து கிளென்ரிடிங் ஊருக்குள் வெள்ளம் புகுந்தது. சுரங்கம் 1962-இல் மூடப்பட்டது. அதன் கட்டடங்களில் ஒன்றில் இப்போது நடைபயணிகள் தங்கும் விடுதி இருக்கிறது. இறங்கும் வழி கழிவுக்கல் மேடுகளை ஒட்டித்தான் போகிறது. இன்னும் புல் பிடிக்காத சரிவுகள் அங்கே உண்டு.

ஊருக்குள் டீக்கடையில் பேட்டர்டேல் மலை மீட்புக் குழுவின் உண்டியல் இருந்தது. மலையில் கால் ஒடிந்து கிடப்பவரைத் தூக்கிவர ஹெலிகாப்டரால் எல்லா நேரமும் முடிந்துவிடாது. மேகம் இறங்கிவிட்டால் மனிதர்கள்தான் தூக்குப்படுக்கையோடு ஏற வேண்டும். அப்படி ஏறுகிறவர்கள் ஊதியம் வாங்காத ஊர்க்காரர்கள். பகலில் வேறு வேறு தொழிலில் இருப்பவர்கள், அழைப்பு வந்தால் எந்த நேரத்திலும் கிளம்புகிறார்கள். காப்பாற்றியதற்குக் கட்டணம் கிடையாது. மூடத்தனமாகச் செருப்புக் காலோடு ஏறியவரானாலும் அதே கவனிப்புதான். பையில் இருந்த நோட்டை மடித்து உண்டியலில் போட்டேன். எனக்கு முன்னால் நின்ற பையனும் சில்லறை போட்டான். சிம்னியில் நான் கால் சொன்ன அதே பையன்.

டீ வந்தது, சூடாக, பெரிய கோப்பையில்.

“சித்தி, பனி விழுந்தப்புறம் இதே மலை வேற மாதிரி இருக்கும். ஐஸ் கோடாலி பிடிக்க, சறுக்கினா எப்படி நிறுத்தறதுன்னு கத்துக்கொடுக்கிற வகுப்பு குளிர்காலத்துல இங்கயே நடக்குது. தினமும் மேல ஏறிப் பார்க்கிறாங்கன்னு சொன்னேன்ல, அவங்களே நடத்தறாங்க.”

“வயசு ஏதாவது கேப்பாங்களா?”

“பூட்ஸ் சைஸ் கேப்பாங்க.”

“அப்போ ரெண்டு பேருக்கும் பதிவு பண்ணிரு கண்ணு,” என்றேன். அவள் அங்கேயே கைபேசியை எடுத்துத் தேதி பார்க்க ஆரம்பித்தாள்.